சட்டக் கல்லூரி முதல்வர் டாக்டர் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையை அறவே அறியாதார் இம்மலரைக் கையில் எடுப்போருள் இரார். அரசியலமைப்பை வரைந்த மேதை என்றும், ஒடுக்கப்பட்டோரின் தலைவர் என்றும், பௌத்தம் தழுவிய பெரியார் என்றும் நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாள் மேடையேறிச் சொல்லக் கேட்டு வருகிறோம். ஆயினும் அவர் ஓர் ஆசிரியராகவும் விளங்கினார் என்பதையும், பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக 1935 முதல் 1938 வரை மூன்றாண்டுகள் பணியாற்றினார் என்பதையும் எடுத்துரைப்பார் மிகச் சிலரே. அவர் வரலாற்றை எழுதியோர் பலரும் அம்மூன்றாண்டை இரண்டொரு வரியில் கடந்து விடுகின்றனர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கரும்பலகையின் முன் கழித்த நமக்கோ அந்த இரண்டொரு வரியின் மீதே கண் சென்று நிற்கிறது.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவுடன் பெற்றோர் ஆசிரியர்களிடம் வந்து யோசனை கேட்கின்றனர். ஆசிரியப் பயிற்சி, செவிலியர் பயிற்சி, காவல் துறை என்று சொன்னால் மலர்கின்ற முகம், சட்டம் படிக்க வைக்கலாமே என்றால் வாடி விடுகிறது. வக்கீல் தொழிலுக்குப் பாட்டன் வைத்துப் போன அலுவலகம் வேண்டும். சட்டப் புத்தகங்கள் நிறைந்த பீரோக்கள் வேண்டும். சேர்த்துக்கொள்ள ஒரு சீனியர் வேண்டும். நம்பி வருவதற்குக் கட்சிக்காரர் வேண்டும். இவற்றுள் எது நம்மிடம் இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடை அண்ணலின் வாழ்வில் கிடைக்கிறது. ஆனால் அது இனிப்பான விடையன்று என்பதையும் முன்னதாகவே சொல்லி வைக்கிறோம்.

அண்ணல் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைவீட்டு நகரில் பிறந்தார். தந்தை ராம்ஜி, இராணுவத்தில் சுபேதார், தாய் பீமாபாய். பெற்றோருக்கு அவர் பதினான்காவது குழந்தை. மகார் குலத்தவரான அக்குடும்பத்தின் பூர்வீகம் இரத்தினகிரி மாவட்டத்து அம்பாவடே கிராமம். சதாராவில் பள்ளிக்குச் சென்ற சிறுவன், தான் உட்காரும் கோணிச் சாக்கை வீட்டிலிருந்தே கொண்டு செல்லவேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தானே திறக்கக் கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட வேண்டும். சேவகன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. வாசகர்கள் இந்தத் தண்ணீரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இவ்வரலாறு நெடுகிலும் அது வந்துகொண்டேயிருக்கும்.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்து 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகையால் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அதே மன்னரின் உதவியால் 1913-இல் அமெரிக்கா சென்று நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பொருளியலில் செலிக்மன், தத்துவத்தில் ஜான் டூயி போன்ற பேரறிஞர்கள் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார், மறு ஆண்டில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வுரையையும் முடித்தார். 1916-இல் இலண்டன் சேர்ந்து, பொருளியல் பள்ளியில் ஒரு புறமும், பாரிஸ்டர் பட்டத்துக்காக கிரேஸ் இன் என்னும் சட்டச் சங்கத்தில் மறு புறமும் பதிவு செய்துகொண்டார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டமையால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப வேண்டியதாயிற்று. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வேறொரு கப்பலில் ஏற்றி அனுப்பிய அவருடைய புத்தகங்கள், அக்கப்பல் குண்டுபட்டு மூழ்கியதால் கடலோடு போயின.

பெற்ற உதவிக்கு ஈடாகப் பரோடா அரசில் பத்தாண்டு பணிபுரிவதாக ஒப்பந்தம். கொலம்பியாவிலும் இலண்டனிலும் கற்றுத் திரும்பியவரின் மேசை மீது அலுவலகச் சேவகர்கள் கோப்புகளைத் தூரத்தில் நின்றே வீசினர். தங்குவதற்கு ஊரில் வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் குலத்தை மறைத்துத் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றிற்று. ஒரு பூங்காவில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு இரயிலேறினார். 1918-இல் பம்பாய் சிடனாம் வணிகவியல் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர் ஆனார். ஆசிரியர் அறையில் வைத்திருந்த தண்ணீர்ப் பானையிலிருந்து அவர் எடுத்துக் குடிப்பதற்கு உடன் பணியாற்றிய சில பேராசிரியர்களே மறுப்புச் சொன்னார்கள். சதாராப் பள்ளிக் குழாய்க்கும் இந்தப் பானைக்கும் இடையே எத்தனை பட்டங்கள் குவிந்திருந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். படித்தவருக்கும் பானை மறுக்கப்பட்டது.

சிடனாமில் சேர்த்து வைத்த சம்பளம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் செய்த உதவி, பார்சி நண்பர் நவல் பாத்தேனா தந்த கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எம்.எஸ்ஸி., டி.எஸ்ஸி. பட்டங்களையும் பாரிஸ்டர் தகுதியையும் பெற்று 1923-இல் திரும்பினார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளக் கட்டவேண்டிய பணமும் கையில் இல்லை. அதற்கும் நண்பர் பாத்தேனாவே உதவ நேர்ந்தது.

நம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் அனைத்தும் இங்கே அவர் முன் வந்து நின்றன. அக்காலத்துப் பம்பாயில் கட்சிக்காரருக்கும் பாரிஸ்டருக்கும் நடுவே சொலிசிட்டர்கள் இருந்தனர். பெரிய வழக்குகள் அவர்கள் வழியாகவே வரும். தீண்டத்தகாதவர் எனப்பட்ட ஒருவரிடம் வழக்கைக் கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. ஆகவே சிறு வழக்குகளையும் மாவட்ட நீதிமன்றங்களையும் நம்பித் தொழிலைத் தொடங்கினார். வருவாய் போதாமையால் 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சிக் கழகத்தில் வணிகச் சட்டம் கற்பிக்கும் பகுதிநேர ஆசிரியராகவும் இருந்தார். பரேல் தாமோதர் மண்டபத்தில் இருந்த அவருடைய அலுவலகத்துக்குக் கூலிக்காரர்களும் ஆலைத் தொழிலாளரும் வந்தனர். 1926-இல் பிராமணரல்லாதார் இயக்கத் தலைவர்கள் சிலர் மீது புனேயில் நடந்த அவதூறு வழக்கில் அவர்களுக்காக வாதாடி வெற்றி கண்டபின் அவர் பெயர் பரவிற்று. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றித் துணிந்து எழுதிய ர. தோ. கார்வே மீது ஆபாசக் குற்றம் சாட்டப்பட்டபோது, 1934-இல் அவர் தரப்பில் வாதாடித் தோற்றும் இருக்கிறார். வெற்றியை மட்டும் எழுதிவிட்டு இதை மறைப்பது முறையன்று. தோற்ற வழக்கும் வக்கீலின் வரலாற்றைச் சேர்ந்ததே.

இனி மகத் நகரத்துக்கு வருவோம். கொங்கணக் கரையை ஒட்டிய கொலாபா மாவட்டத்தில் மகத் ஒரு சிற்றூர். அங்கே சவுதார் குளம் எனப்படும் பெருங்குளம் ஒன்று உண்டு. பொதுப்பணத்தில் அமைந்த குளம், கிணறு, பள்ளி ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம் எனப் பம்பாய் சட்ட மேலவை 1923-இல் தீர்மானம் இயற்றியது. மகத் நகராட்சியும் 1924-இல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக ஏட்டில் எழுதி வைத்தது. ஏட்டில் திறந்த குளம் கரையில் திறக்கவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் தலைமையில் மக்கள் அணிவகுத்துச் சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினர். சில மணி நேரத்தில் மாநாட்டுப் பந்தலுக்குள் தாக்குதல் நடந்தது. குளத்துக்கோ 108 குடங்களில் பஞ்சகவ்வியம் கலந்து தீட்டுக் கழிப்பு நடந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் சத்தியாக்கிரகம் செய்வதென அறிவிப்பு வெளியாயிற்று. உடனே உயர்சாதியினர் சிலர் நீதிமன்றம் சென்று, குளம் தங்களுக்கே உரியது, தீண்டத்தகாதோர் அதை அணுகாதிருப்பது தொன்றுதொட்ட வழக்கம் என வழக்கிட்டு, தற்காலிகத் தடையுத்தரவு பெற்றனர். அவ்வழக்கில் முதல் பிரதிவாதி அண்ணலே. ஆயிரக்கணக்கானோர் மகத்தில் திரண்டு நின்ற நேரம். குளத்தில் இறங்கியே தீருவோம் என்று அவர்கள் துடித்தனர். டிசம்பர் 25-இல் மனுநீதி நூலை எரித்த அதே மாநாடு, நீதிமன்றத் தடையை மட்டும் மீறவில்லை. ஊரைச் சுற்றி ஊர்வலம் வந்து கலைந்தது. இம்முடிவைக் கோழைத்தனம் என்று குறை கூறினோர் அன்றும் இருந்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. சட்டத்தையே படைக்கலமாகக் கொள்ள வேண்டிய மக்கள், முதல் தடையுத்தரவையே காலில் போட்டு மிதித்தால், நாளை தமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரும்போது அதை மதிக்கும்படி எதிரியிடம் எப்படிக் கேட்பது? வழக்கைத் தொடர்ந்து நடத்த அண்ணல் துணிந்தார். 1928-இல் தடை நீங்கியது. 1931-இல் மகத் நீதிமன்றத்திலும், 1933-இல் மேல்முறையீட்டிலும் வெற்றி கிட்டியது. எதிர்த்தரப்பினர் உயர் நீதிமன்றம் சென்றனர்.

இவ்வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1928 ஜூன் முதல் 1929 மார்ச் வரை, பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் தற்காலிகப் பேராசிரியராக அண்ணல் பாடம் நடத்தினார். பிறகு வந்த வட்டமேசை மாநாடுகளையும், நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனார் அவருடன் இலண்டனில் அமர்ந்து வாதாடியதையும், 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான புனே ஒப்பந்தத்தையும் இங்கு விரித்தெழுத இடமில்லை. அவற்றைப் பற்றி நூல்கள் நிறைய உள்ளன.

1935 அவருக்குத் துயரத்தோடு விடிந்த ஆண்டு. வறுமையிலும் பிரிவிலும் அவரோடு வாழ்ந்த இரமாபாய் அம்மையார் மே 27-ஆம் நாள் காலமானார். ஒரு வாரம் கழிவதற்குள், ஜூன் தொடக்கத்தில், அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. 1855-இல் தோன்றிய அக்கல்லூரி இந்தியாவின் பழம்பெரும் சட்டக் கல்லூரிகளுள் ஒன்று. முதல்வர் பதவியுடன் பெர்ரி சட்டவியல் பேராசிரியர் என்னும் இருக்கையும் அவருக்குக் கிடைத்தது. பம்பாயின் தலைமை நீதிபதியாக இருந்த எர்ஸ்கின் பெர்ரி என்பார் பெயரால் அமைந்த இருக்கை அது. குழாயைத் தொடக் கூடாத பிள்ளையாக இருந்தவர் நீதிபதிகளும் பாரிஸ்டர்களும் உருவாகும் கல்லூரியின் தலைமை நாற்காலியில் அமர்ந்தார்.

கல்லூரியில் அவர் என்ன கற்பித்தார் என்பதை இன்று நாம் ஓரளவு காண முடிகிறது. மகாராட்டிர அரசு வெளியிட்டுவரும் அவருடைய எழுத்துகளின் பன்னிரண்டாம் தொகுதி 1993-இல் வந்தது. அதில் பொதுச் சட்டம், குறித்தவகை நிவாரணச் சட்டம், காலவரம்புச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம், சாட்சியச் சட்டம், குற்றவியல் நடைமுறை முதலியன பற்றிய அவருடைய குறிப்புகள் அச்சாகியுள்ளன. அவற்றைப் புரட்டும் வாசகர், முழங்கும் தலைவரைத் தேடினால் ஏமாந்து போவார். வரையறை, அதன் கூறுகள், விதிவிலக்கு, எடுத்துக்காட்டு என்று ஒரு நல்ல வாத்தியார் கரும்பலகையில் எழுதுவது போலவே அமைந்தவை அவை. காலவரம்பு கடந்துபோன வழக்கு எத்துணை நியாயமாயினும் தள்ளுபடியாகும். சாட்சியத்தில் நிலைநாட்டாத உண்மை நீதிமன்றத்தில் உண்மையாகாது. இத்தகைய உலர்ந்த செய்திகளை அறியாமையால் நம்மவர் இழந்த மனைகளும் நிலங்களும் எத்தனை என்பதை ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். அந்த உலர்ந்த பகுதியைத்தான் அவர் மாணவர்க்குப் பொறுமையாகக் கற்பித்திருக்கிறார்.

சட்டக் கல்வியின் சீர்திருத்தம் குறித்து 1936-இல் ஒரு கட்டுரையும் எழுதினார். சட்டம் பயில்வோன் சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடலாகாது, அதன் அண்டைத் துறைகளிலும் அறிவு பெற்றிருக்க வேண்டும் என்பது அவர் கொண்ட நிலை. பொருளியலில் இரண்டு கண்டங்களில் பட்டம் பெற்றபின் சட்டத்துக்கு வந்தவர் அவ்வாறு கருதியதில் வியப்பில்லை. மனப்பாடம் செய்து தேர்வெழுதி மறந்துவிடும் நம் பள்ளிப் பழக்கத்துக்கும் அக்கட்டுரை பொருந்தும் என்பது எம் போன்றோர் ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

முதல்வர் பணியில் இருந்த அம்மூன்றாண்டுகள் அமைதியான காலம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. பதவியேற்ற நான்கே மாதங்களில், 1935 அக்டோபர் 13-இல், இயோலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்தார். 1936-இல் இலாகூர் மாநாடு ஒன்றுக்காக எழுதிய தலைமையுரையை அமைப்பாளர்கள் அஞ்சி மாநாட்டையே கைவிட்டனர். அவர் அதைச் சொந்தச் செலவில் நூலாக அச்சிட்டார். சாதியை ஒழிக்கும் வழி பற்றிய அந்நூல் இன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். 1937-இல் பம்பாய் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து வருகைப் பதிவேட்டையும் கால அட்டவணையையும் கட்டிக்கொண்டு அலையும் நமக்கு, ஒரே மனிதர் காலையில் கல்லூரிக்கும், பகலில் நீதிமன்றத்துக்கும், மாலையில் தொழிலாளர் கூட்டத்துக்கும், இரவில் தம் புத்தகங்களுக்கும் எப்படி நேரம் பங்கிட்டார் என்பது விளங்காத வியப்பாகவே இருக்கிறது.

1937 மார்ச் 17-ஆம் நாள் மகத் வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பளித்தவர்கள் நீதிபதிகள் புரூம்ஃபீல்டும் வாடியாவும். 1922-இல் அகமதாபாத்தில் காந்தியடிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்த அதே புரூம்ஃபீல்டுதான் இவர். குளத்து நீர் வழக்கில் பிரதிவாதியாக நின்றவர் அன்று அதே நகரத்தின் அரசு சட்டக் கல்லூரி முதல்வர். பத்தாண்டுகள் நடந்த வழக்கு பிரதிவாதிகளுக்குச் சாதகமாக முடிந்தது. குளம் நகராட்சிக்கு உரியது. வாதிகள் சொல்லும் தொன்மை வழக்கம் சான்றுகளால் நிலைநாட்டப்படவில்லை. ஆகவே மேல்முறையீடு தள்ளுபடி.

வெற்றி வெற்றியே. ஆனால் சட்டம் கற்றவர்கள் இத்தீர்ப்பை இன்னும் ஒருமுறை படிக்கவேண்டும். தீண்டாமை தவறு என்று அது எங்கும் சொல்லவில்லை. வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று மட்டுமே சொன்னது. மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் அவ்வழக்கம் நியாயமானதா, பொது நலனுக்கு விரோதமானதா என்னும் கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டது. வேறோர் ஊரில், வேறொரு குளத்தில், பழைய ஆவணங்களும் வலுவான சாட்சிகளும் கொண்டு எவரேனும் வழக்கிட்டால் முடிவு மாறியிருக்கவும் கூடும். மக்களின் தாகம் சாட்சியச் சட்டத்தின் ஒரு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் கற்பித்தவரைவிட நன்கு உணர்ந்திருக்கக்கூடியவர் யார்?

1937 செப்டம்பரில் கொங்கணத்துக் கோத்தி நிலமுறையை ஒழிக்கும் மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் அதற்காகப் பல்லாயிரம் உழவர் பம்பாய் நகரில் ஊர்வலம் வந்தனர். பொதுவாழ்வின் பளு ஏறிக்கொண்டே வந்த நிலையில், அவ்வாண்டு மே மாதத்தில் முதல்வர் பதவியைத் துறந்தார். இஸ்லாமியச் சட்ட அறிஞரான ஆசஃப் ஃபைசி அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றார். மாதம் தவறாமல் சம்பளம் வரும் அரசு வேலை, அதிலும் அத்தகைய மதிப்பான வேலை, அதைக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்திருந்தால் அவருக்கு வாழ்க்கை இலகுவாகியிருக்கும். அரசு வேலையே பிறவிப் பயன் என்று கருதுகின்ற நம் வீடுகளில் இச்செய்தியைச் சற்று உரக்கவே சொல்லலாம்.

இவ்விடத்தில் ஒரு தமிழர் பெயரையும் நினைவுகூர்வது கடமை. 1942-இல் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் நாகபுரியில் உருவானபோது அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சென்னை என். சிவராஜ். அவரும் சட்டம் கற்பித்தவரே. சென்னைச் சட்டக் கல்லூரியில் பல்லாண்டு விரிவுரையாளராக இருந்தவர். பின்னர் சென்னை மாநகர மேயராகவும் விளங்கினார். சட்ட வகுப்பறை நமக்கு அயலிடம் என்று சொல்லும் பெற்றோர்க்கு, பம்பாயில் ஒருவரும் சென்னையில் ஒருவருமாக நம்மவர் அவ்வகுப்பறையில் நின்று பிறர் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னார்கள் என்பதை எடுத்துக்காட்டலாம்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். 1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 முதல் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர். 1949 நவம்பர் 26-இல் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. மகத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு அதன் மூன்று பிரிவுகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13-ஆம் பிரிவு; சட்டம் என்னும் சொல்லுக்குள் வழக்கமும் மரபும் அடங்கும் என்றும் அதுவே விளக்குகிறது. பொதுக் கிணறு, குளம், நீராடு துறை, சாலை ஆகியவற்றைச் சாதியின் பெயரால் எவருக்கும் மறுக்கலாகாது என்கிறது 15-ஆம் பிரிவு. தீண்டாமையை ஒழித்து, அதைக் கைக்கொள்வதைக் குற்றமாக்குகிறது 17-ஆம் பிரிவு. 1937-இல் உயர் நீதிமன்றம் தொடாமல் விட்ட கேள்விக்கு இங்கே விடை எழுதப்பட்டுவிட்டது. எத்தனை நூற்றாண்டு வழக்கம் என்று சாட்சி கொண்டுவந்தாலும் இனிப் பயனில்லை. அரசியலமைப்பு பலர் கூடி இயற்றியது. ஒவ்வொரு பிரிவையும் ஒருவரே எழுதினார் என்பது மிகை. ஆனால் வரைவுக் குழுவின் தலைமையில் அமர்ந்திருந்தவர் சவுதார் குளத்து வழக்கின் முதல் பிரதிவாதி என்பது மிகையன்று.

நம் காரைக்கால் மக்களுக்கு இதில் தனிக்கதை உண்டு. 1950 ஜனவரி 26-இல் இப்பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது நாம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தோம். வாஞ்சூர் எல்லைக்கு அப்பால் நாகூரில் 17-ஆம் பிரிவு நடந்தது. இப்பால் பிரெஞ்சுச் சட்டம் நடந்தது. பிரெஞ்சியர் 1881-இல் ஓர் ஆணை பிறப்பித்திருந்தனர். தம் குலவழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுப்போர் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம், குடும்பப் பெயர் ஒன்றும் சூட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அவ்வாறு துறந்தோருள் ஒடுக்கப்பட்ட குலத்தவரும் இருந்தனர். தாளில் சட்டம் மாறியவர்க்கும் தெருவில் பழைய வழக்கமே காத்திருந்தது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்த பின்னரே அண்ணல் தலைமையில் வரைந்த அரசியலமைப்பு நமக்கும் முழு உரிமையாயிற்று. அதைக் காண அவர் இல்லை.

இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் முடங்கியதால் 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1952 தேர்தலில் பம்பாயில் தோற்றார். பிறகு மாநிலங்களவைக்குச் சென்றார். அவ்வாண்டு கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்குச் சட்டத்தில் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

அமைச்சர் பதவிகளை விடவும் கல்விக் கழகத்தார் ஊன்றிப் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. 1945 ஜூலை 8-ஆம் நாள் அவர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கலை அறிவியல் கல்லூரி; 1950-இல் ஔரங்காபாத்தில் பின்னர் மிலிந்த் கல்லூரி எனப் பெயர் பெற்ற கல்லூரி; 1953-இல் சித்தார்த்தா வணிகவியல் கல்லூரி. அரசு நடத்திய கல்லூரியில் முதல்வராக இருந்தவர், இறுதிக் காலத்தில் தம் கழகத்தின் மூலமாகவே கல்லூரிகளை எழுப்பினார். இலவச இரவு வகுப்பு, கோடைப் பயிற்சி, நோட்டுப் புத்தக உதவி என்று தொடங்கும் கழகங்கள் எங்கு போய் நிற்க முடியும் என்பதற்கு இது அளவுகோல். நம் கழகத்தார் சட்டம் பயிலும் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் உதவித்தொகை ஒதுக்கவேண்டும் என்பதும், முதல் மூன்றாண்டு வருவாயின்றித் திண்டாடும் இளம் வக்கீலுக்கு நூல் வாங்கவாவது உதவவேண்டும் என்பதும் நம் விண்ணப்பம். அண்ணலுக்கு ஒரு நவல் பாத்தேனா வாய்த்தார். நம் பிள்ளைகளுக்குக் கழகம்தான் வாய்க்கவேண்டும். பிரெஞ்சியர் காலத்துச் சட்டப் பள்ளியின் வழிவந்த புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரி இன்று டாக்டர் அம்பேத்கர் பெயரைத் தாங்கி நிற்கிறது. காரைக்காலிலிருந்து பேருந்தில் சில மணி நேரப் பயணம்.

1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு அண்ணல் பௌத்தம் தழுவினார். நீரிழிவு நோயால் உடல் நலிந்திருந்த அவர், டிசம்பர் 6-ஆம் நாள் டில்லியில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். மறுநாள் பம்பாய் தாதர் கடற்கரையில் உடல் தகனம் செய்யப்பட்டது. அவர் மறைந்த அதே 1956-ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகம் பம்பாய் கோட்டைப் பகுதியில் ஒரு சட்டக் கல்லூரியைத் தொடங்கியிருந்தது. சித்தார்த்தா சட்டக் கல்லூரி என்பது அதன் பெயர். அது இன்றும் நடைபெற்று வருகிறது.